மீனைக் கொண்டு வராதே, தண்ணியைக் கொண்டு வா

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், ராத்திரி ஒன்பதரை மணிக்கு மூன்றாவது மாடிப் பையன் கதவைத் தட்டினான். கையில் குளியலறை மக். மக்குக்குள் ஒரு கோல்ட்ஃபிஷ் பாதி சாய்ந்து கிடந்தது. "ஆன்ட்டி, இதுக்கு என்னாச்சுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"மீனை எதுக்குடா தூக்கிட்டு வந்தே? முதல்ல அதைத் தொட்டியில விடு. தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வா."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் "உன் வீட்டுக் கிணற்றைக் காட்டு" என்று அவர் கேட்டதுபோல இருந்திருக்கும். ஆனால் மீன் விஷயம் அப்படித்தான். அது மூச்சு விடுவது, சாப்பிடுவது, கழிப்பது எல்லாமே அந்த ஐம்பது லிட்டருக்குள். நமக்கு ஜன்னல் இருக்கிறது, அதற்கு இல்லை. மக்கில் தூக்கி வருவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பயத்தில் எந்த மீனும் சாய்ந்து கொள்ளும், மூச்சு வாங்கும், நிறம் வெளுக்கும். நோய் எது, பயம் எது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் லேப் அசிஸ்டென்ட். பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவியே கை தேய்ந்தது. வில்லிவாக்கத்தில் வீடு, கொளத்தூர் மீன் கடைகள் கூப்பிடு தூரம். மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் மீன் வளர்க்கும் வீடு ஏழெட்டு இருக்கிறது; யார் வீட்டு மீனுக்கு என்ன வந்தாலும் என் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு வரிசை வந்துவிட்டது. முதலில் தண்ணீர். அப்புறம், எப்போது தொடங்கியது, அதற்கு முந்தின வாரம் வீட்டில் என்ன மாறியது. அப்புறம், ஒரு மீனா எல்லா மீனுமா. அதற்குப் பிறகுதான் மீனின் நடத்தை, கடைசியில் உடம்பு. மருந்து பாட்டில் இதெல்லாம் முடிந்து வரவேண்டியது. பெரும்பாலான வீடுகளில் அதுதான் முதலில் வருகிறது.

தண்ணீர் என்ன சொல்கிறது

பையன் பாட்டிலோடு வந்தான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. "எவ்ளோ க்ளீனா இருக்கு பாருங்க ஆன்ட்டி" என்றான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் அது கலந்திருந்தாலும் நம் மூக்குக்கு வாசனையும் வராது. கண்ணால் பார்த்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்வது, முகத்தைப் பார்த்துச் சர்க்கரை அளவு சொல்வதுபோல.

சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்தேன். அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்து விட்டு மூடி, தலைகீழாக ஆட்டி, ஐந்து நிமிடம் வைத்தேன். அம்மோனியா இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சளிலேயே நிற்கும். இவன் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் வேப்பிலைப் பச்சைக்குப் போனது. அட்டையில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். 8.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவாக உறுத்தாது, இன்னொன்று செவுளைச் சுட்டுவிடும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம்தான் அந்தச் சுடும் வடிவம். பி.எச். 8 ஆனால் 5 சதவீதம். பி.எச். ஒரு படி ஏறினால் விஷம் பத்து மடங்கு. வெயிலில் தண்ணீர் சூடேறினால் இன்னும் கொஞ்சம் கூடும். சுடும் வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். இவன் தொட்டியில் அதற்கு இரண்டு மடங்கு. மீன் சாயாமல் என்ன செய்யும்?

"இந்த வாரம் தொட்டியில என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. தீபாவளிக்கு அம்மா க்ளீன் பண்ணாங்க, அவ்ளோதான்."

வீடு ஒட்டடை அடிக்கும்போது தொட்டியையும் சேர்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கல்லைக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாகப் பிழிந்து, மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்திருக்கிறார்கள். அந்த ஸ்பாஞ்சில்தான் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. குழாய்த் தண்ணீர்க் குளோரினும் மாடி வெயிலும் சேர்ந்து குடியிருப்பையே காலி செய்துவிட்டன. அது மறுபடி வளர மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய இரண்டாம் வாரத்தில் மீன்கள் வரிசையாகச் சாவதும் இதே கதைதான். கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்று திட்டுவார்கள். பாதி நேரம் மீனில் கோளாறே இருக்காது.

அன்று செய்தது இவ்வளவுதான். பாதித் தண்ணீரை மாற்றினோம். புதுத் தண்ணீரில் குளோரின் போக ஹைப்போ போட்டோம். பழைய ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய அதே சோடியம் தயோசல்பேட்தான், மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பார்கள். பொறுமை இருந்தால் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் பறந்துவிடும். தீனியை மூன்று நாளைக்கு நிறுத்தச் சொன்னேன். என் பெரிய தொட்டி ஸ்பாஞ்ச் ஒன்றை அப்படியே எடுத்து அவன் ஃபில்டரில் சொருகினேன், உறைமோர் விடுவதுபோல. மக்கில் வந்த மீன் விடிகாலையில் போய்விட்டது. மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன.

நைட்ரைட் ஏறியிருந்தால் அடையாளம் வேறு. அது செவுள் வழியாக ரத்தத்தில் போய் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தாலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் ரத்தச் சிவப்பு போய்க் காப்பி நிறமாகும். இதற்கு முதலுதவி சமையலறையிலேயே இருக்கிறது: லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு. உப்பிலிருக்கும் குளோரைடு, நைட்ரைட் உள்ளே போகும் வழியை அடைத்துக்கொள்ளும். கூடவே தண்ணீர் மாற்ற வேண்டும், அதை மறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை, என் பணம் போய்க் கற்றது. எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், இரண்டு மாதம் தொட்டியைத் திரும்பியே பார்க்கவில்லை. திரும்பி வந்து சோதித்தால் அம்மோனியா கரும்பச்சை. ஆனால் மீன்கள் ஓரளவு நன்றாகவே திரிந்தன. பதறிப்போய் முக்கால் பங்கு தண்ணீரை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து ஏஞ்சல் மீன் போயிற்று. பழைய தண்ணீர் புளித்து பி.எச். 6-க்குக் கீழே இறங்கியிருந்தது, அதனால் அம்மோனியா சாதுவாகக் கிடந்தது. எங்கள் போர் தண்ணீர் பி.எச். 8. நான் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் சாதுவை விஷமாக்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் அமிலம், காரம் என்று நிறங்காட்டி எடுத்துக் கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அதனால் வெகுநாள் கவனிக்காத தொட்டி என்றால் பி.எச். பார்க்காமல் கை வைக்காதீர்கள். தினம் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று மெதுவாக மாற்றுங்கள்.

எல்லாமா, ஒன்றா

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டது. தொட்டியில் உள்ள எல்லா மீனும் ஒரே நாளில் ஒரே மாதிரி தவித்தால் அது கிருமி இல்லை. தண்ணீர், காற்று, சூடு, விஷம் ஆகிய நாலில் ஒன்று. முதலில் ஒன்று, மூன்று நாள் கழித்து இரண்டு, அப்புறம் நாலு என்று பரவினால் ஒட்டுண்ணி அல்லது கிருமி. பத்து மீனில் ஒன்று மட்டும் வாரக்கணக்கில் மெலிந்துகொண்டே போனால் அடிபட்டிருக்கலாம், மற்ற மீன்கள் விரட்டலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், கட்டி வந்திருக்கலாம், வயதும் ஆகியிருக்கலாம்.

விஷம் என்றதும் யாரும் நம்புவதில்லை. "மீனுக்கு யாரு விஷம் வைக்கப் போறாங்க?" எங்கள் கீழ்வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் எழுந்தால் கப்பி மீன்கள் அத்தனையும் திடீர் திடீரென்று துள்ளி, சுழன்று, கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. சோதித்தேன், தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. தரையில் உட்கார்ந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தொட்டி மேசைக்குக் கீழே பிளக் பாயிண்டில் கொசு விரட்டும் திரவ மெஷின். அதற்குப் பக்கத்திலேயே ஏர் பம்ப். மழைக்காலம், கொசு அதிகம் என்று முந்தின நாள்தான் அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

ஏர் பம்ப் காற்றை எங்கிருந்து எடுக்கிறது? அறையிலிருந்துதான். அறைக் காற்றில் இருக்கும் கொசு மருந்தை உறிஞ்சி, ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. கொசுவர்த்தி, திரவம், ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்து ரசாயனம், பைரெத்ராய்டு வகை. நமக்கு அதிகம் ஒன்றும் செய்யாது, மீனுக்கு மிகக் கொடியது. கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க ஆள் வருகிற அன்றைக்கும், பெயின்ட் அடிக்கிற அன்றைக்கும் இதே கதை. அந்த நாளில் தொட்டியை ஈரத் துணியால் மூடி, ஏர் பம்பை நிறுத்துங்கள். அல்லது பம்பைத் தூக்கி பால்கனியில் வைத்து நீள டியூப் போட்டுவிடுங்கள். கீழ்வீட்டில் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கரித்தூள் பை போட்டு, மெஷினை வேறு அறைக்கு மாற்றினோம். பதினாறு கப்பியில் ஒன்பது தேறியது.

எப்போது தவிக்கிறது என்பதையும் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்து, பத்து மணிக்குச் சாதாரணமாகிவிட்டால் ஆக்சிஜன் பற்றாக்குறை. செடி நிறைந்த தொட்டியில் ராத்திரி செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியலில்தான் மிகக் குறைவாக இருக்கும். சித்திரை, வைகாசியில் இது கூடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். மின்சாரம் ஐந்து மணி நேரம் போய் வந்தாலும் சந்தேகப்படுங்கள். ஓடாமல் கிடந்த ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சு முட்டி அழுகியிருக்கும், கரண்ட் வந்ததும் அந்த அழுக்கு மொத்தமும் தொட்டிக்குள் வரும். திறந்து, தொட்டித் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசிவிட்டு ஓட்டுங்கள்.

ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்று விழுங்குவது அவற்றின் பிறவிக் குணம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

உட்கார்ந்து பாருங்கள்

தண்ணீர் சரியாக இருக்கிறது, விஷமும் இல்லை என்றால் ஒரு முக்காலி போட்டுத் தொட்டி முன்னால் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் தீனி வரும் என்று மீன்கள் நடிக்கும். அதற்குப் பிறகுதான் அவற்றின் உண்மையான நிலை தெரியும்.

செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணுங்கள். என் ஒராண்டா வகைக் கோல்ட்ஃபிஷ் சும்மா இருக்கும்போது எழுபது, எண்பது. இந்த எண்ணை மீன் நன்றாக இருக்கும் நாளில் எழுதி வைத்திருந்தால்தான் பயன். நோய் வந்த பிறகு நூற்று இருபது என்று எண்ணினால் எதோடு ஒப்பிடுவீர்கள்? மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கச் செவுள் மட்டும் மூடியே இருந்தால் செவுளில் புழு இருக்க வாய்ப்பு உண்டு.

கல்லிலோ ஃபில்டர் குழாயிலோ பக்கவாட்டில் சட்டென்று உரசிக்கொண்டு போகிறதா? ஒரு தடவை உரசினால் நமைச்சல், விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் உடம்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அல்லது தண்ணீர் எரிகிறது. துடுப்புகளை உடம்போடு மடக்கிக்கொண்டு நிற்கிறதா? குளிரில் நாம் கையைக் கட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். எந்த நோய் என்று சொல்லாது, நோய் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தீனியை வாயில் வாங்கித் துப்பினால் வாயிலோ தொண்டையிலோ தொல்லை, அல்லது தீனி பழசு. நம் வீடுகளில் ஒரு டப்பா தீனியை இரண்டு வருஷம் வைத்திருப்பவர்கள் உண்டு.

காலையில் விளக்குப் போட்டதும், நீலக் கோடு போட்ட நியான் டெட்ரா மீன் வெளுத்துப்போய் நிற்கும். மாடி வீட்டுப் பெண்மணி இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரத்த சோகையா இருக்குமோ?" என்று ஃபோன் செய்தார். தூங்கும்போது அது நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், கால் மணி நேரத்தில் நீலம் திரும்பிவிடும் என்று சொன்னேன். ஆனால் பகலிலும் ஒரே இடத்தில் கோடு அறுந்து, சதைக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அது நியான் நோய். மருந்து கிடையாது, அந்த மீனைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

உடம்பில் தெரிவது

வெள்ளைப் புள்ளி. எல்லாருக்கும் தெரிந்த நோய், ஆனாலும் அதிகம் குழம்புவதும் இதில்தான். ரவை தூவினதுபோல, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை, வாலில் தொடங்கி உடம்பெங்கும் பரவும். இன்று ஐந்து, நாளைக்கு முப்பது. இக் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக நாலு டிகிரி இறங்கும்போது கிளம்பும்.

இதற்கு எந்த மருந்து என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். அந்தப் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே மருந்து எட்டாது. தின்று கொழுத்தபின் தானே உதிர்ந்து, தரையில் போய்க் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அங்கும் மருந்து எட்டாது. கூட்டை உடைத்துக்கொண்டு புது மீனைத் தேடி நீந்தி வரும் ஒன்றிரண்டு நாளில் மட்டும்தான் அதைக் கொல்ல முடியும். அதனால்தான், மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரட்டிப்பாக வருகிறது. புள்ளி மறைந்தது குணம் இல்லை, உதிர்ந்து தரைக்குப் போயிருக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்து இன்னும் ஒரு வாரமாவது மருந்து ஓடட்டும். ஹீட்டர் வைத்து மெதுவாக 29, 30 டிகிரிக்கு ஏற்றினால் இந்தச் சுற்று வேகமாக முடியும். ஏர் பம்பைக் கூட்டி வைக்க மறக்காதீர்கள். நான் பெரும்பாலும் லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பைக் கரைத்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். தரையை மேயும் கோரி, லோச் வகைகளுக்கும் செடிகளுக்கும் உப்பு ஒத்துக்கொள்ளாது.

ஆண் கோல்ட்ஃபிஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் எலும்பிலும் வரிசையாக வெள்ளை மொட்டு வரும். மற்ற இடத்தில் வராது, மீனும் குதூகலமாகப் பெண் மீனைத் துரத்திக்கொண்டிருக்கும். கல்யாண வயதில் வருகிற பருவுக்கு மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை ஊற்றி ஒருவர் தொட்டியை மை டப்பா ஆக்கி வைத்திருந்தார்.

புள்ளி ரவையாக இல்லாமல் மஞ்சள் பொடியைத் தூவினதுபோல இருந்தால் வெல்வெட். பகல் வெளிச்சத்தில் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு செல்ஃபோன் டார்ச்சை மீனுக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், தங்கத் துகள் மினுமினுக்கும். இந்த ஒட்டுண்ணிக்கு வெளிச்சத்திலிருந்தும் கொஞ்சம் உணவு கிடைக்கிறது. அதனால் மருந்தோடு தொட்டியை இருட்டாகவும் வைப்பார்கள்.

அடுத்தது, பஞ்சு. இங்கேதான் நிதானம் வேண்டும். பஞ்சு மாதிரித் தெரியும் இரண்டு நோய்க்கு வேறு வேறு சிகிச்சை. ஒன்று பூஞ்சை. பழைய ரொட்டியில் பூத்ததுபோல நூல் நூலாக எழும்பி நிற்கும், தண்ணீர் ஓட்டத்தில் அசையும். பெரும்பாலும் ஏற்கனவே அடிபட்ட இடத்தில்தான் பிடிக்கும். நிதானமாக வளரும். மற்றொன்று கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா. உதட்டில் வெள்ளையாக, அல்லது முதுகில் சேணம் போட்டதுபோலச் சாம்பல் பட்டையாக இருக்கும். பஞ்சு என்று நினைப்பீர்கள், ஆனால் எழும்பி நிற்காது, படிந்து கிடக்கும். ஓரம் சில நேரம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். தண்ணீர் சூடானால் இது வேகமாகும். ஒன்றிரண்டு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் "ஹீட்டரை ஏத்து" என்று சொல்கிறவர்கள் இங்கே மீனைக் கொன்றுவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் சூட்டைக் கூட்டாதீர்கள், மீனைத் தனியே எடுங்கள்.

வயிறு வீங்கினால் பக்கத்தில் நின்று பார்க்காமல் மேலே இருந்து பாருங்கள். செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி நிமிர்ந்து நின்றால் உடம்புக்குள் நீர் கோத்திருக்கிறது. பெரும்பாலும் சிறுநீரகம் போயிருக்கும். பிழைப்பது அபூர்வம். செதில் படிந்தே இருந்து வயிறு மட்டும் பெருத்தால் சினையாக இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். உருண்டை உடம்புக் கோல்ட்ஃபிஷ் தலைகீழாக மிதப்பதும் பல நேரம் வயிற்றுக் கோளாறுதான். இரண்டு நாள் பட்டினி போட்டு, மூன்றாம் நாள் பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்துக் கொடுங்கள். மிதக்கும் தீனியை விட்டு மூழ்கும் தீனிக்கு மாறுங்கள்.

ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் எங்கேயோ இடித்திருக்கும். இரண்டு கண்ணும் என்றால் உள்நோய் அல்லது மோசமான தண்ணீர்.

மண் குளத்திலிருந்து வந்த கோல்ட்ஃபிஷ் வாங்கினால் செதிலுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் நூல் தொங்குகிறதா என்று பாருங்கள், அடியில் சிவந்திருக்கும். அது நங்கூரப் புழு. ஐந்து மில்லிமீட்டர் தட்டையான கண்ணாடிப் பூச்சி உடம்பில் நகர்ந்தால் மீன் பேன். இரண்டையும் ட்வீசரால் எடுக்கலாம். தொட்டியில் முட்டை இருக்கும் என்பதால் மருந்தும் தேவைப்படும். கப்பியின் கழிவுத் துளையில் சிவப்பு நூல்கள் எட்டிப் பார்த்து, மீன் அசைந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டால் குடல் புழு. அதற்கு நீல மருந்து ஊற்றுவது வயிற்றில் பூச்சிக்கு நெற்றியில் தைலம் தடவுவதற்குச் சமம்.

மருந்து பாட்டிலைத் திறக்கும் முன்

தொட்டியில் எத்தனை லிட்டர் என்று தெரியுமா? நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம், மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். கடையில் சொல்லும் 2-1-1 தொட்டி, அதாவது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், கணக்குப்படி சுமார் 57 லிட்டர். மணலும் மேலே விட்ட இடமும் போக 45 தான் தேறும். "ரெண்டு மூடி ஊத்துங்க" என்பது எந்தத் தொட்டிக்கு?

மருந்தைப் பெரிய தொட்டியில் போடுவதை இக், வெல்வெட் மாதிரி எல்லா மீனுக்கும் பரவுகிறவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று, ஏர் ஸ்டோன் ஒன்று போதும். நீல மருந்து ஃபில்டர் பாக்டீரியாவையும் செடியையும் சேர்த்தே அழிக்கும். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை மீனுக்கு முன் அது குடித்துவிடும். புது மீன் வாங்கினாலும் மூன்று, நாலு வாரம் அந்த டப்பில்தான் விருந்தாளி.

மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துக் கொட்டுகிற பழக்கம் இங்கே ரொம்ப நாளாக உண்டு. எங்கள் ஏரியா போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு கட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும். தண்ணீர் பழுப்பானதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோய் இருக்கிறது, கொலும்னாரிஸ் அப்படித்தான். ஆனால் அதை மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரியிலோ கேட்டுச் செய்யுங்கள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகமே இருக்கிறது.

உங்கள் கையையும் பாருங்கள். மீன் மெலிந்து, முதுகு வளைந்து, புண் ஆறாமல் இருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி கையில் இருக்கும் கீறல் வழியாக நமக்கும் வந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும். கையில் காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டியில் விடாதீர்கள். தண்ணீர் மாற்ற டியூபை வாயால் உறிஞ்சுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். டியூபை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்துக் கீழே இறக்கினால் தானாக ஓடும்.

இனி தேறாது என்று தெரிந்த மீனை வெறும் தரையில் போடுவதும் ஃபிரீசரில் வைப்பதும் வேண்டாம். லிட்டருக்கு அரை மில்லி கிராம்பு எண்ணெய். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, மீன் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் மெதுவாகச் சேருங்கள். மயங்கும், பிறகு செவுள் நிற்கும். நின்று அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

இறந்த மீனிடமும் ஒரு தகவல் மிச்சம் இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அதற்கு மேல் எல்லாச் செவுளும் ஒன்றுபோல வெளுத்துவிடும். பல்குத்தும் குச்சியால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மீன் வாங்கும்போது மார்க்கெட்டில் பார்ப்போமே, அதேதான். ரத்தச் சிவப்பு என்றால் செவுளில் பெரிய குறை இல்லை. காப்பி நிறம் என்றால் நைட்ரைட். வெளிறி, சளி மூடியிருந்தால் அம்மோனியா அல்லது ஒட்டுண்ணி. நாள், தண்ணீர் எண்கள், செவுளின் நிறம், மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மீனை டாய்லெட்டிலோ ஏரியிலோ போடாதீர்கள். என் வீட்டில் எல்லாம் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும், பூனை தோண்டாத அளவுக்கு ஒரு சாண் ஆழத்தில்.